வால்பேப்பர் உப்புகிறதா, உரிகிறதா, கறுக்கிறதா? மும்பை வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஜூலை பிறந்ததும் எனக்கு வரும் ஃபோன்களில் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றுதான்: "பேப்பர் சரியில்லைங்க, பிச்சுக்கிட்டு வருது." செம்பூர், மாட்டுங்கா, சயான், முலுண்ட் என்று நம்மவர்கள் நிறைய இருக்கும் இடங்களில் வால்பேப்பர் ஒட்டும் வேலை பார்க்கிறேன். நேரில் போய்ப் பார்த்தால், பேப்பர் மேலேயே குற்றம் இருக்கும் வீடு அபூர்வம். சுவரில் ஏற்கெனவே இருந்த கோளாறைத்தான் பேப்பர் வெளியே காட்டியிருக்கும். அந்தக் கோளாறைப் பார்க்காமல் பேப்பரை மட்டும் திரும்ப ஒட்டினால், அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே செலவு. எத்தனையோ குடும்பங்கள் இப்படி இரண்டு முறை, மூன்று முறை பணம் கொடுத்ததைப் பார்த்துவிட்டேன். மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் சுவரில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன்னால் உங்களிடம் இருப்பது எந்த வகைப் பேப்பர் என்று தெரிந்துகொள்ளுங்கள். வைத்தியம் வகைக்கு வகை மாறும். ஒட்டியது போக மிச்சமிருக்கும் துண்டு ஒன்றை எடுத்துத் தண்ணீரில் நனையுங்கள். சில நிமிடத்தில் சுருண்டு, அகலத்தில் கொஞ்சம் நீண்டால் அது காகித முதுகுள்ள வினைல், அதாவது மேலே பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர். நனைத்தும் அப்படியே கிடந்தால், கிழித்த ஓரத்தில் பஞ்சு போல இழை தெரிந்தால், அது நான்-வோவன், அதாவது நெய்யாமல் இழைகளைச் சேர்த்து அழுத்திச் செய்தது. முதுகில் தாளை உரித்து ஒட்டுவது ஸ்டிக்கர் பேப்பர், அதை எல்லாரும் அறிவார்கள்.

கறுப்புப் புள்ளி, இளஞ்சிவப்புக் கறை, மக்கிய வாடை

இந்த நகரத்தில் இதுதான் பெரிய நோய். ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதத்தில் மும்பையில் கொட்டும் மழை 2000 மி.மீ.க்கு மேல். அதுவும் நேராக விழுவதில்லை. கடல் காற்று தென்மேற்கிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து சுவரில் அறைகிறது. மேற்கு, தெற்கு பார்த்த வெளிச்சுவர் அந்த நான்கு மாதமும் காய நேரமே இல்லாமல் நிற்கும். அந்தச் சுவரின் உட்பக்கத்தில் வினைல் பேப்பரை ஒட்டுவது, ஈரத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பதற்குச் சமம். சுவரிலிருந்து ஈரம் வெளியேற வழியில்லை. பசையின் மாவுச்சத்தையும் காகிதத்தின் நாரையும் தின்று பூஞ்சை வளரும். கறுப்புப் புள்ளி அதனால்தான். இளஞ்சிவப்புக் கறையும் அதே குடும்பம்: பேப்பருக்குப் பின்னால் வளரும் நுண்ணுயிர் விடும் சாயம் வினைலுக்குள் ஊறி மேலே வருகிறது. எவ்வளவு துடைத்தாலும் அது போகாது, ஏனென்றால் அழுக்கு இருப்பது உள்ளே.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். ஓரமாக ஒரு இடத்தில் பேப்பரை எடுத்துவிட்டு, வெறும் சுவரில் 1 அடிக்கு 1 அடி பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். 24 மணி நேரம் விடுங்கள். பிளாஸ்டிக்கின் உட்பக்கம், அதாவது சுவர்ப் பக்கம், முத்து முத்தாக வியர்த்திருந்தால் ஓதம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றில்தான் ஈரம் அதிகம்: துணி வீட்டுக்குள் காய்கிறது, ஜன்னல் சாத்தியே கிடக்கிறது, ஏ.சி. சுவரைக் குளிரடிக்கிறது.

சுவருக்குள் ஈரம் என்றால், கறை இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லும்.

கூரையை ஒட்டி மேலிருந்து இறங்கினால் மொட்டை மாடி, அல்லது மேல்வீட்டுக் குளியலறை. மழையில் மட்டும் பெருகினால் மாடி. வருடம் முழுக்க ஒரே அளவாக இருந்தால் குளியலறை.

ஜன்னல் கட்டைக்குக் கீழே, மீசை போல இரண்டு பக்கமும் இறங்கினால் ஜன்னல் சட்டத்தைச் சுற்றியுள்ள அடைப்பு விட்டுப்போயிருக்கிறது, அல்லது மேலேயிருக்கும் சிறிய கூரைத் தட்டில் தண்ணீர் தேங்குகிறது. இது எளிதாகச் சரியாகக்கூடிய ஒன்று. வெளிப்பக்கமாகச் சிலிகான் அடைத்து, சரிவு கொடுத்தாலே பல வீட்டில் நின்றுவிடுகிறது.

தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரத்துக்கு அலை அலையாக ஏறினால், தரைத்தள வீடாக இருந்தால், அது நிலத்து ஓதம். கூடவே வெள்ளையாக உப்புப் பூக்கும். சிமென்ட் பூச்சில் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து மேற்பரப்பில் விட்டுவிட்டு ஆவியாகிறது. அந்த உப்புப் படிகம் பேப்பரையே பின்னாலிருந்து தள்ளிவிடும். அங்கே வால்பேப்பர் வேண்டவே வேண்டாம் என்று நான் நேராகச் சொல்லிவிடுவேன். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டாலும் சரி.

சுவரின் நடுவில், குளியலறைக்கு முதுகு காட்டிய பக்கத்தில் வட்டமாகக் கறை என்றால் உள்ளே ஓடும் குழாய். இரவில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, வீட்டுக்கு வரும் தண்ணீர் வால்வை அடைத்துவிட்டு, காலையில் திறக்கும்போது தண்ணீர் சீறிக்கொண்டு போகிறதா என்று கவனியுங்கள். சீறினால் இரவில் குழாய் எங்கோ கசிந்திருக்கிறது, பிளம்பரைக் கூப்பிட அது போதுமான காரணம்.

பணம் யார் தருவது என்ற சண்டையும் இங்கேதான் வரும். வெளிச்சுவர், மொட்டை மாடி, பொதுக் குழாய் வழியாக வரும் மழைக் கசிவைச் சரிசெய்வது சொசைட்டியின் செலவு என்று மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கான மாதிரித் துணைவிதிகளே சொல்கின்றன. ஆகவே கமிட்டிக்கு எழுத்தில் கொடுங்கள். தேதியோடு புகைப்படம் இணையுங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போதே எடுங்கள். டிசம்பரில் எடுத்த படத்தைக் காட்டினால் "எல்லாம் காய்ந்துதானே இருக்கிறது" என்பார்கள். மேல்வீட்டுக் குளியலறைக் கசிவு மட்டும் அந்த வீட்டுக்காரரோடு பேசித் தீர்க்க வேண்டியது.

ஊற்றுக்கண்ணை அடைத்த பிறகுதான் சுவர் வைத்தியம். கறை தெரியும் இடத்தைத் தாண்டி ஒரு அடி கூடுதலாகப் பேப்பரை எடுங்கள். மூக்கில் மாஸ்க், கையில் கையுறை கட்டாயம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவரோ கைக்குழந்தையோ இருந்தால் அன்று வேறு அறையில் கதவைச் சாத்தி இருக்கட்டும். துணி வெளுக்கும் திரவம் 1 பங்கு, தண்ணீர் 10 பங்கு கலந்து துடைத்து, கால் மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டை இதோடு எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். நொறுங்கும் பட்டியை (பெயிண்டுக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) சுரண்டி எடுத்துவிட்டுச் சுவரைக் காய விடுங்கள். செங்கல் சுவர் காய்வதற்கு நாள் கணக்குப் போதாது, வாரங்கள் பிடிக்கும். மேலே சொன்ன பிளாஸ்டிக் சோதனையை மறுபடி செய்து, உட்பக்கம் வியர்வையே இல்லை என்ற பிறகு மேற்கொண்டு பேசலாம்.

அப்போதும் வெளிச்சுவருக்கு வினைலைத் தவிருங்கள். மூச்சு விடும் நான்-வோவன், அதுவும் மேலே பிளாஸ்டிக் பூச்சு இல்லாதது, போடுங்கள். அலங்காரச் சுவர் என்று ஒன்றுதான் வேண்டுமென்றால் இரண்டு அறைக்கு நடுவில் இருக்கும் உட்சுவரைத் தேர்ந்தெடுங்கள். கட்டிலின் தலைமாட்டுச் சுவர் வெளிச்சுவராக இருந்தால் கட்டிலையே திருப்பிப் போடச் சொல்லியிருக்கிறேன். பீரோவை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள். காற்று ஓடாத அந்த இடுக்கில்தான் பூஞ்சை முதலில் குடியேறும்.

பேப்பர் மொத்தமாகக் கழன்று தொங்குகிறது

கழன்ற பேப்பரைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் முதுகைப் பாருங்கள். நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

முதுகில் சுண்ணாம்புப் பொடி போலப் பழைய பெயிண்ட் ஒட்டியிருந்தால், பசை தன் வேலையைச் செய்திருக்கிறது, சுவரின் தோல்தான் உரிந்திருக்கிறது. மும்பையின் பழைய வீடுகளில் அடுக்கடுக்காக டிஸ்டெம்பர் இருக்கும். உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள், மாவு ஒட்டும். செலோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்தால் பெயிண்ட் கூடவே வரும். அப்படிப்பட்ட சுவரில் எந்த நாட்டுப் பேப்பரை ஒட்டினாலும் நிற்காது. தகட்டால் சுரண்டி, ஈரத் துணியால் பொடி போகத் துடைத்து, அக்ரிலிக் பிரைமர் ஒரு கோட் அடித்து, மறுநாள் ஒட்ட வேண்டும்.

முதுகு சுத்தமாக, சுவரில் மட்டும் பசை காய்ந்து பளபளத்தால், பசை பேப்பரைப் பிடிக்கும் முன்பே காய்ந்துவிட்டது. பிரைமர் அடிக்காத புதுப் பட்டி பசையின் தண்ணீரை ஒரே மடக்கில் உறிஞ்சும். ஈர ஸ்பாஞ்சைச் சுவரில் வைத்துப் பாருங்கள்: தண்ணீர் உடனே உள்ளே போய்க் கறுத்தால் பிரைமர் தேவை. நேர்மாறாக, ஆயில் பெயிண்ட் அடித்த வழுவழுப்பான சுவரில் தண்ணீர் வழிந்தோடும். அதற்கு 120-ஆம் நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுப் பிரைமர்.

பசை இன்னும் வழவழவென்று ஈரமாகவே இருந்தால், மேலே எழுதிய முதல் தலைப்புக்குத் திரும்புங்கள். சுவரில் ஓதம்.

ஒரு வேண்டுகோள். பசை பிடிக்கவில்லை என்று சிலர் தச்சு வேலைக்கான வெள்ளைப் பசையை வால்பேப்பர் பவுடரோடு தாராளமாகக் கலக்கிறார்கள். அன்றைக்கு இரும்பு போலப் பிடிக்கும். ஐந்து வருடம் கழித்து மாற்றும்போது பட்டியோடு பெயர்ந்து, சுவர் முழுக்கக் குழி விழும். பவுடர் பசையைப் பாக்கெட்டில் போட்ட அளவுக்குத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கால் மணி நேரம் ஊறவிட்டால் அதுவே போதும்.

ஜாயிண்ட் வாய் திறக்கிறது, வெள்ளைக் கோடு தெரிகிறது

காகித முதுகுள்ள பேப்பர் பசை பட்டதும் விரியும், காய்ந்ததும் சுருங்கும். அதனால்தான் பசை தடவி, பசைப்பக்கம் உள்ளே வரும்படி மடித்து, ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவைத்துவிட்டு ஒட்ட வேண்டும். எல்லாத் துண்டுக்கும் ஒரே நேரம். அவசரத்தில் அந்த ஊறலை விட்டுவிட்டால் பேப்பர் சுவரில் போன பிறகு விரிந்து, பிறகு சுருங்கி, ஜாயிண்டில் இடைவெளி விழும். அடுத்த துண்டோடு சேர்வதற்காகக் கையால் இழுத்து நீட்டினாலும் இதே கதிதான், இழுத்தது காய்ந்ததும் பழைய அளவுக்கே திரும்பும். நான்-வோவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. சுவரில் பசை தடவி நேராக ஒட்டலாம். வீட்டில் நீங்களே ஒட்டுவதாக இருந்தால் அதையே வாங்குங்கள்.

இன்னொரு காரணம் ஃபேன். சீக்கிரம் காயட்டும் என்று ஐந்தில் வைத்துவிடுகிறோம். ஓரம் முதலில் காய்ந்து சுருள்கிறது. ஒட்டிய 24 மணி நேரத்துக்கு ஃபேன், ஏ.சி. இரண்டும் வேண்டாம். வியர்த்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாய் திறந்த ஜாயிண்டுக்கு: வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சை ஐந்து நிமிடம் ஓரத்தில் வைத்து இளக்குங்கள். மெல்லிய பிரஷ்ஷால் உள்ளே பசை விடுங்கள். வினைல் மேல் வினைல் ஏறிய இடமென்றால் சாதாரணப் பசை பிடிக்காது, வினைலுக்கென்று இருக்கும் ஜாயிண்ட் பசை வேண்டும். சின்ன ரோலரால் ஒரே ஒரு முறை, லேசாக. திரும்பத் திரும்ப உருட்டினால் பசை முழுக்க வெளியே வந்துவிடும்.

சுருங்கி ஒரு மில்லிமீட்டர் வெள்ளைக் கோடு விழுந்துவிட்டால் அதை மூட முடியாது, மறைக்கலாம். பேப்பரின் நிறத்துக்கு ஒத்த சுண்ணக்கட்டி, வண்ணப் பென்சில் போதும். அடுத்த முறை அடர்நிறப் பேப்பர் ஒட்டும்போது, ஜாயிண்ட் வரப்போகும் இடத்தில் மட்டும் சுவரில் அதே நிறத்தில் இரண்டு அங்குலப் பட்டை பெயிண்ட் அடித்துவிட்டு ஒட்டுங்கள்.

குமிழ்

ஒட்டிய அன்றோ மறுநாளோ தெரியும் சின்னக் குமிழைத் தொடாதீர்கள். 48 மணி நேரத்தில் பெரும்பாலும் தானே இழுத்துக்கொள்ளும். அதன் பிறகும் நின்றால் விரலால் அழுத்துங்கள். காற்று மட்டும் என்றால் மெத்தென்று அமுங்கும். நறநறவென்றால் பின்னால் பூச்சு உதிர்ந்திருக்கிறது. தண்ணீர் அசைந்தால் கசிவு, உடனே கீழ்முனையில் கீறி வடியவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். அருகில் சுவிட்ச் போர்டு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சை முதலில் இறக்கிவிடுங்கள்.

காற்றுக் குமிழுக்கு மருந்துக் கடைச் சிரிஞ்ச் நல்ல கருவி. தடித்த ஊசி கேளுங்கள். தண்ணீர் போல இளக்கிய பசையை டிசைனின் கோட்டோரமாகக் குத்தி உள்ளே விட்டு, ஈர ஸ்பாஞ்சால் ஊசித் துளையை நோக்கித் தள்ளி அழுத்துங்கள். வழிந்த பசையை அப்போதே துடைத்துவிட வேண்டும், காய்ந்தால் பளபளப்புத் திட்டாக நிற்கும்.

ரோல் பற்றவில்லை, நிறம் ஒத்துப்போகவில்லை

இரண்டும் ஒரே தவறின் இரண்டு முகம். சாதாரண ரோல் 53 செ.மீ. அகலம், 10.05 மீட்டர் நீளம், சுமார் 57 சதுர அடி. உங்கள் சுவர் 11 அடி அகலம், 9.5 அடி உயரம் என்றால் 104.5 சதுர அடி. 57-ஆல் வகுத்தால் இரண்டு ரோல் போதும் போலத் தெரியும். போதாது. உயரம் 290 செ.மீ., மேலும் கீழும் வெட்ட 10 செ.மீ. சேர்த்து 300. ஒரு ரோலில் மூன்று துண்டுதான் வரும். அகலம் 335 செ.மீ.யை மூட 7 துண்டு வேண்டும். ஆக 3 ரோல். டிசைன் 64 செ.மீ.க்கு ஒரு முறை திரும்ப வருகிறது என்றால் ஒவ்வொரு துண்டும் 64-இன் மடங்காக 320 செ.மீ. ஆகும். இந்தச் சுவருக்கு அப்போதும் 3 ரோல் சரிதான், ஆனால் உயரமான பழைய மாட்டுங்கா வீட்டில் ஒரு ரோலுக்கு இரண்டே துண்டு கிடைக்கும். சதுர அடியை விடுங்கள், துண்டு எண்ணுங்கள்.

பாதியில் பற்றாமல் போய் ஒரு ரோல் பிறகு வாங்கினால் நிறம் இழை மாறும். லேபிளில் டிசைன் எண்ணோடு பேட்ச் எண் என்று ஒன்று இருக்கும், எல்லா ரோலிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். பிரித்து வெட்டும் முன் சரிபாருங்கள். ஒரே பேட்ச்தான், இருந்தும் ஒன்றுவிட்டு ஒன்று கறுத்துத் தெரிகிறது என்றால் லேபிளில் இருக்கும் அம்புக்குறியைக் கவனியுங்கள். எதிரெதிர் அம்பு போட்டிருந்தால் அடுத்தடுத்த துண்டைத் தலைகீழாக ஒட்டச் சொல்கிறார்கள்.

டிசைன் கூரைப் பக்கம் போகப் போகச் சாய்ந்தால் மூலையை நம்பி ஆரம்பித்திருக்கிறீர்கள். எந்த மூலையும் நேராக இருப்பதில்லை. தூக்குக் குண்டு விட்டுப் பென்சில் கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து தொடங்க வேண்டும். ஒட்டியான பிறகு இதற்கு மருந்தில்லை.

எண்ணெய்க் கறை, விளக்குக் கரி, பூச்சி

லேபிளில் அலைக்கோடு எத்தனை என்று பாருங்கள். ஒரே அலை என்றால் ஈரத்துணியால் ஒற்றலாம், அவ்வளவுதான். மூன்று அலை என்றால் சோப்புத் தண்ணீர் தாங்கும். தாளிப்புப் படும் அடுப்புச் சுவருக்கு எத்தனை அலை இருந்தாலும் வால்பேப்பர் வேண்டாம். எண்ணெயோடு தீயும் அருகில் இருக்கிறது. பூஜை அலமாரிக்குப் பின்னாலும் அப்படியே: தினமும் விளக்கும் கற்பூரமும் ஏற்றும் இடத்தில் டைல் அல்லது கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். கரி படிந்துவிட்டால் தேய்க்க வேண்டாம். உலர்ந்த மென்மையான அழிரப்பரால் மேலிருந்து கீழாக ஒற்றி எடுங்கள்.

பேப்பர் ஓரம் அரித்தது போல ஒழுங்கில்லாமல் காணாமல் போயிருந்தால் ராமபாணப் பூச்சி. பசையின் மாவுதான் அதற்கு உணவு. ஈரம் குறைந்தால் அதுவும் குறையும்.

ஸ்டிக்கர் பேப்பர்: நிற்கவில்லை, அல்லது பெயிண்டோடு வருகிறது

பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் விரும்புவது இதைத்தான், எனக்கும் அது புரிகிறது. சொந்த வீடு இல்லையென்றாலும் ஒரு சுவராவது நம் விருப்பப்படி இருக்க வேண்டும் அல்லவா? ஆனால் சொரசொரப்பான சுவர், டிஸ்டெம்பர், அடித்து ஒரு மாதம் ஆகாத புதுப் பெயிண்ட், இந்த மூன்றிலும் இது நிற்காது. பீரோவுக்குப் பின்னால் ஒரு சாண் துண்டை ஒட்டி ஒரு வாரம் விட்டு, உரித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். காலி செய்யும்போது ஹேர் டிரையரால் பசையை இளக்கி, மேல் மூலையிலிருந்து சுவரோடு ஒட்டியபடியே கீழ்நோக்கி மெதுவாக உரியுங்கள். நேராக முன்னால் இழுத்தால் பெயிண்டும் பட்டியும் கூடவே வரும், டெபாசிட்டில் கை வைப்பார்கள்.

எப்போது ஒட்டுவது

நவம்பரில் பிளாஸ்டிக் சோதனை. சுவர் தேறினால் டிசம்பர் முதல் மார்ச்சுக்குள் வேலை. புதுச் சிமென்ட் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் ஆறவிட்டு, பிறகு பிரைமர். தீபாவளிக்குள் முடித்துத் தரச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. மழை விட்டுச் சில வாரமே ஆன வெளிச்சுவரில் அதை நான் செய்வதில்லை. உட்சுவருக்கு மட்டும் சம்மதிப்பேன்.

வேலை முடிந்ததும் மிச்சத் துண்டையும் லேபிளையும் ஒரு உறையில் போட்டு, ஒட்டிய தேதியை எழுதிப் பரணில் வையுங்கள். ஒட்டுப்போட நிறம் மங்காத துண்டு அதிலிருந்துதான் கிடைக்கும்.